நாலு பேருக்கு ஒரு பெட்டி, நாங்க அஞ்சு பேரு

"வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க மாமா"னு மாப்ள ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். மாப்ளனா என் வீட்டுக்காரம்மாவோட தம்பி, கோயமுத்தூர்ல வேலை, சனி ஞாயிறு ஆனா மேல ஏறி எங்க வீட்டுக்கு வந்துடுவான். அவன் ஆபீஸ் சிநேகிதர் ஒருத்தர் லண்டன்ல இருந்து லீவுக்கு வர்றாராம், சூட்கேஸ்ல ஒரே ஒரு பெட்டிக்கு இடம் இருக்காம், நாம சரின்னு சொன்னா அக்ரிகோலாங்கற போர்ட்கேமோட புது பதிப்ப வாங்கிட்டு வந்து குடுப்பாராம். புது பதிப்புன்னு சொல்றேனே தவிர அது வெளிவந்ததே 2016ல, ஆனா எங்ககிட்ட இருக்கறது 2008ல வந்த முதல் இங்கிலீஷ் பதிப்பு, நீலகிரியில கேத்தி பாலாடாவுல உக்காந்துட்டு பாத்தா 2016ம் புதுசுதான், இங்க இன்னும் நிறைய விஷயம் அப்படித்தான்.

எனக்கு வாங்கணும்னுதான் முதல்ல தோணுச்சு. அத மறைக்க ஒண்ணுமில்ல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஊவே ரோசன்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் பண்ணின விளையாட்டு, 2007ல முதல்ல வந்துச்சு, மறுவருஷமே, போர்ட்கேமுக்கெல்லாம் மார்க் போட்டு வரிசைப்படுத்தற போர்ட்கேம்கீக் தளத்துல ரொம்ப நாளா முதல் இடத்துல இருந்த போர்ட்டோ ரிக்கோங்கற விளையாட்ட இறக்கிட்டு இது மேல ஏறுச்சு. கதை நடக்கறது சுமார் 1670ல, நடு ஐரோப்பாவுல, கொள்ளை நோய் போய் ஜனங்க மறுபடி காடு திருத்த ஆரம்பிக்கிற காலம். உங்களுக்கு பதினஞ்சு கட்டம் நிலம், ரெண்டு ரூம் மர வீடு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு. 14 ரவுண்டு, அதுக்குள்ள ஆறு அறுவடை. ஒவ்வொரு அறுவடைக்கும் பெரியவங்க ஒரு ஆளுக்கு ரெண்டு சாப்பாடு குடுத்தாகணும், குறைஞ்சா குறையிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிச்சை கார்டு, ஒரு கார்டுக்கு கடைசியில மூணு பாயிண்ட் போயிடும். நிலத்துல ஒரு கட்டம் சும்மா கிடந்தாலும் ஒரு பாயிண்ட் போச்சு. உழவு, விதைப்பு, வேலி, ஆடு, பன்னி, மாடு, வீட்டுக்கு ரூம் கட்டறது, ரூம் கட்டினா புள்ள பெத்துக்கறது, எல்லாமே வேணும், ஆனா கையில ரெண்டே ஆளு, நீங்க போக நினைச்ச இடத்துல முன்னாடியே இன்னொருத்தர் ஆள நிறுத்திட்டா அந்த ரவுண்டுக்கு அந்த வேலை உங்களுக்கு கிடையாது. அவ்வளவுதான் விளையாட்டு, ஆனா அந்த அவ்வளவுதான்ல ரெண்டரை மணி நேரம் போயிடும்.

நான் பெங்களூர்ல வேலை பாத்தப்ப கூட இருந்த ஒருத்தர் வெளிநாடு போறதுக்காக வீட்ட காலி பண்ணினாரு, அவர்கிட்ட பாதி விலைக்கு வாங்கினது இது, 2013. மடியிலயே வெச்சுக்கிட்டு பஸ்ல ஊருக்கு கொண்டு வந்தேன், செங்கல் மாதிரி கனம். அப்புறம் வேலைய விட்டுட்டு குன்னூர் வந்து ஜெராக்ஸ் கடை போட்டேன், பெட்டியும் வீட்டோட தங்கிடுச்சு.

இப்ப எங்க அப்பாவ பத்தி சொல்லணும், ஏன்னா இந்த முடிவுல முக்கால்வாசி அவருதான். தாத்தா காலத்துல காரமடையில இருந்து மேல வந்த குடும்பம், அப்பா முப்பது வருஷத்துக்கு மேல இங்க குத்தகைக்கு நிலம் எடுத்து கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், பூண்டுனு போட்டவரு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆளுங்கள கூட்டிட்டு டார்ச் வெளிச்சத்துல கேரட் புடுங்கி, பாலாடாவுல மெஷின்ல போட்டு கழுவி, மூட்டை கட்டி லாரியில ஏத்தினா விடியறதுக்குள்ள மேட்டுப்பாளையம் மண்டிக்கு போயிடும். அப்படி வாழ்ந்த மனுஷன்கிட்ட போயி ஒரு அட்டைய விரிச்சு, அப்பா இது விவசாய விளையாட்டுன்னு சொன்னா எப்படி இருக்கும். கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதைதான்.

முதல் நாள் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. ஒரு காய விதைச்சா வயல்ல ரெண்டு காய் வரும்னு நான் விதிய படிச்சதும், "காய யாருடா விதைப்பாங்க"ன்னாரு. எங்க வீட்டுல ஆரஞ்சு கலர் வில்லைக்கு பேரு கேரட், பெட்டியில காய்கறின்னுதான் போட்டிருக்கு, ஆனா அந்த கலர பாத்துட்டு இந்த ஊர்ல வேற பேரு வெக்க முடியாது. கேரட் விதை டப்பாவுல வரும், என்ன விலை தெரியுமா, விதைச்சு மூணு மூணரை மாசம் ஆகும், நீ ரெண்டு ரவுண்டுல புடுங்கறனு ஒரே பேச்சு. அடுத்தது வேலி. மரத்த குடுத்து வேலி போட்டு உள்ள காட்டுப்பன்னிய விட்டா, ரெண்டு பன்னி இருந்தா அறுவடைக்கு ஒரு குட்டி வரும்னேன். அதுக்கு அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே, அம்மா சீரியல விட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க. "நாங்க பன்னிய வெளிய நிறுத்தறதுக்கு வேலி போட்டே வயசாயிடுச்சு, உங்காளு உள்ள வெச்சு வளக்கறானா?"

ஒரே ராத்திரியில ஒரு பாத்தி உருளைக்கிழங்க மூக்கால உழுதுட்டு போயிடும் பன்னி, அத கண்ணால பாத்தவங்களுக்குத்தான் அந்த சிரிப்பு புரியும்.

ஆனா மூணாவது வாரம் அவரே நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்துட்டாரு. அதுல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா நாங்க அஞ்சு பேரு. அப்பா, நான், வீட்டுக்காரம்மா, பாப்பா, மாப்ள. பாப்பாங்கறது பழக்கத்துல சொல்றது, இப்ப ப்ளஸ் டூ படிக்கறா. அப்பா ஆட்டம் ஒரே மாதிரிதான், நிலத்துல ஒரு கட்டம் சும்மா விடமாட்டாரு, வயல் அஞ்சும் உழுதுடுவாரு, பன்னிய மட்டும் வளக்கவே மாட்டாரு. ஒரு வகை பிராணி இல்லன்னா ஒரு பாயிண்ட் போகும்னு தெரியும், போகட்டும்ம்பாரு. அடுப்பு வாங்கி வெச்சிருந்தா மட்டும் பன்னிய எடுத்து நேரா அடுப்புல போட்டு ரெண்டு சாப்பாடு வாங்கிக்குவாரு, "இதுக்கு ஃபாரஸ்ட்காரங்க வரமாட்டாங்கல்ல?"னு ஒவ்வொரு தடவையும் அதே ஜோக். பிச்சை கார்டு எடுக்கறதும் அவருக்கு ஆகாது. அதுக்குன்னே ஒரு சொந்த விதி கொண்டு வந்தாரு, பேரு மண்டி அட்வான்ஸ், இப்ப ரெண்டு சாப்பாடு வாங்கிக்கலாம், அடுத்த அறுவடைக்கு மூணா திருப்பணும், திருப்பலைன்னா அடுத்த அறுவடைக்கு நாலு. பெட்டி மூடிக்கு உள்பக்கம் பென்சில்ல எழுதி வெச்சிருக்கோம். ரோசன்பெர்க் பாத்தா என்ன சொல்வாரோ தெரியல, மேட்டுப்பாளையத்துல யார்கிட்ட காட்டினாலும் சரியாத்தான் இருக்குன்னு சொல்வாங்க.

(விளையாட்டு விதிய உக்காந்து எழுதறது எங்க மலைக்கு புதுசும் இல்ல, ஸ்னூக்கருக்கே 1882ல ஊட்டி கிளப்புலதான் விதிய எழுதி மாட்டினாங்கன்னு சொல்வாங்க.)

சரி, பெட்டியோட இப்போதைய நிலைமை. பழைய பதிப்புல தொழில் கார்டும் சின்ன வசதி கார்டும் (கீழ போட்டா ஆட்டத்துல ஏதாவது ஒரு சலுகை குடுக்கும்) சேத்தா முந்நூறுக்கு மேல, மூணு கட்டா பிரிச்சிருப்பாங்க, ஈ, ஐ, கேன்னு. ஈ சுலபம், ஐ அடுத்தவங்க ஆட்டத்துல கை வைக்கிறது, கே சிக்கலானது. இதுல கே கட்டு ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசி மழையில போயிடுச்சு. நான் ஜெராக்ஸ் கடைக்காரன், காகிதத்துக்கும் ஈரத்துக்கும் என்ன உறவுன்னு எனக்கு தெரியாததா, கடையில மழைக்காலத்துல ஏ4 கட்டு பூரா ஒரு பக்கமா வளைஞ்சு மெஷின்ல சிக்கிக்கிட்டே இருக்கும்னு ஒரு மர அலமாரிக்குள்ள நாப்பது வாட்ஸ் குண்டு பல்பு ராப்பகலா எரியவிட்டு அதுக்குள்ளதான் பேப்பர் வைப்பேன், அந்த சூடு போதும், பேப்பர் அப்பளம் மாதிரி நிக்கும். அப்படிப்பட்ட நானே வீட்டுல அந்த பெட்டிய கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேன். எடுத்து பாத்தா கே கட்டு மொத்தமா ஒரே பலகையா ஒட்டிக்கிச்சு, ஓரத்துல சாம்பல் கலர்ல பூஞ்சை. ஒண்ணொண்ணா பிரிக்கலாம்னு ஸ்கேல விட்டு நெம்பினேன், படம் ஒரு கார்டுல எழுத்து இன்னொரு கார்டுலன்னு பிரிஞ்சு வந்துச்சு. இருபத்தி மூணு கார்டு தேறல. மிச்சம் தேறினதுலயும் அந்த வாசனை இருக்கு, பழைய லைப்ரரி வாசனை, எனக்கு பிடிக்கும், வீட்டுக்காரம்மாவுக்கு தும்மல் வரும். இப்ப பெட்டி கடையில பல்பு அலமாரியிலதான் குடியிருக்கு, சனிக்கிழமை சாயங்காலம் கடைய சாத்திட்டு ஒரு பையில போட்டு எடுத்துட்டு வருவேன்.

அப்ப புதுசு வாங்க இதுவே காரணமாகாதான்னு கேப்பீங்க. ஆகல, ஏன்னா கே கட்ட நாங்க எடுத்ததே வருஷத்துக்கு ஒரு தடவ. முந்நூறு கார்டுல ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு பதினாலு கார்டு, அதுல போட்டு முடிக்கிறது அஞ்சாறு. காணாம போன இருபத்தி மூணுல எனக்கு பேரு ஞாபகம் இருக்கறது ஒண்ணு ரெண்டுதான். ஒரு பொருள் கெட்டுப்போனதுக்கு துக்கப்படறது வேற, அது இல்லாம ஆட்டம் நடக்கலைங்கறது வேற, வாங்கற ஆசை வந்தா ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்குவோம், நானும் ஒரு வாரம் குழப்பிக்கிட்டேன்.

புது பதிப்புல என்ன வித்தியாசம்னா, விதி ஏறக்குறைய அதேதான், பழசு ஆடினவங்க புதுச திறந்து நேரா ஆடலாம். கார்டு குறைச்சுட்டாங்க, தொழில் 48, வசதி 48, ஆனா பழைய பெட்டியில இருந்தும் அதுக்கு அப்புறம் வந்த கூடுதல் கட்டுகள்ல இருந்தும் பொறுக்கி எடுத்து திருத்தி போட்டிருக்காங்க. இது எனக்கு நல்ல வேலையாத்தான் படுது, பழசுல சில கார்டு கையில வந்தாலே ஜெயிச்ச மாதிரி, சிலது பத்து வருஷத்துல ஒருத்தரும் கீழ போட்டதில்ல. இன்னும் கார்டு வேணும்னா ஆர்டிஃபெக்ஸ், பூபுல்கஸ்னு தனித்தனியா கட்டு விக்கறாங்க, அந்த வழியில காசு போயிட்டே இருக்கும், அது வேற கதை. கார்டே இல்லாம ஆடற குடும்ப ஆட்டத்துக்கும் 2016லயே தனிப் பெட்டி வந்துடுச்சு.

பெரிய வித்தியாசம் ரெண்டு. ஒண்ணு, மரச்சாமான். பழசுல ஆடுனா வெள்ளை கட்டை, பன்னின்னா கருப்பு கட்டை, மாடுனா பழுப்பு கட்டை, சதுரமா தாயக்கட்டைய ரெண்டா நறுக்கின மாதிரி, மத்ததெல்லாம் கலர் கலரா வில்லை. புதுசுல ஆடு ஆடு மாதிரியே இருக்கு, பன்னிக்கு பன்னி உருவம். ரெண்டாவது, பழசு அஞ்சு பேரு வரைக்கும், புதுசு நாலு பேருக்குத்தான். அஞ்சாவது ஆறாவது ஆளுக்கு தனியா ஒரு இணைப்பு பெட்டி விக்கறாங்க.

சூட்கேஸ்ல ஒரு பெட்டிக்குத்தான் இடம்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆடி பாத்துடலாம்னு மாப்ளதான் ஏற்பாடு பண்ணான், கோயமுத்தூர்ல அவனுக்கு தெரிஞ்ச ஒரு பையன்கிட்ட புது பதிப்பு இருந்துச்சு, அந்த பையனும் ஊட்டி பாக்கணும்னு இ-பாஸ் எடுத்து கார்ல பெட்டியோட கிளம்பி வந்துட்டான். கல்லாறு செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு வண்டிய பாத்தவங்க அந்த பெட்டியையும் திறக்க சொல்லியிருக்காங்க, உள்ள குட்டி குட்டியா கருப்பு பன்னி. "ஏன் தம்பி, மேல இதுக்கா பஞ்சம்?"னு கேட்டாங்களாம். வந்ததும் வராததுமா அத சொல்லித்தான் உள்ள நுழைஞ்சான், அப்பாவுக்கு அவன அப்பவே பிடிச்சுப்போச்சு.

நாலு பேரு ஆட்டம்ங்கறதால நான் வெளிய. வந்த பையன் விதி சொல்லித்தர ஓரமா உக்காந்தான். அப்பா, வீட்டுக்காரம்மா, பாப்பா, மாப்ள ஆடினாங்க, நான் டீ போட்டேன், வர்க்கி வாங்கி வெச்சிருந்தேன், வர்க்கிய கடிச்சா தூள் எங்க விழும்னு தெரியும், அடுத்தவங்க புது கார்டு மேல விழுந்துடுமோன்னு நானே தட்ட கையில ஏந்திக்கிட்டு ஆளாளுக்கு வாய்கிட்ட கொண்டு போய் நீட்டிட்டு நின்னேன்.

அப்பத்தான் கவனிச்சேன். அப்பாவுக்கு போன வருஷம் ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆச்சு, இப்ப பேப்பர் படிக்கறாரு, நடக்கறாரு, ஒண்ணும் குறையில்ல, ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா எங்க வீட்டு மஞ்ச லைட்டுல பழைய பெட்டியோட மர வில்லைக்கும் களிமண் வில்லைக்கும் வித்தியாசம் தெரியாம தடுமாறுவாரு, ஒண்ணு பழுப்பு, ஒண்ணு செம்மண் கலர். யாரும் பாக்காதப்ப விரல்ல எடுத்து கண்ணுக்கிட்ட கொண்டு போய் பாத்துட்டு வெப்பாரு. நாங்க பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்குவோம். புதுசுல அந்த தொந்தரவே இல்ல, தடவி பாத்தாலே எதுன்னு தெரியுது. அதவிட ஆச்சரியம், எட்டாவது ரவுண்டுல பன்னி கார்டு வந்துச்சு, அப்பா கைய நீட்டி ஒரு கட்டை பன்னிய எடுத்து உள்ளங்கையில வெச்சு திருப்பி திருப்பி பாத்தாரு. கூர் மூக்கு, குட்டை கால். "இவனேதான்"னு சொல்லிட்டு அடுப்புல போடாம வேலிக்குள்ள கொண்டு போய் வெச்சாரு. பத்து வருஷத்துல முதல் தடவையா! அப்புறம் அடுத்தது, அதுக்கு அடுத்தது, குட்டி வேற போட்டுச்சு. கடைசியில ஏழு பன்னி, முழுசா நாலு பாயிண்ட். ஏம்ப்பா இன்னிக்கு மட்டும்னு கேட்டா, "கண்ணு முன்னாடி கட்டி வெச்சுட்டா நிம்மதியா தூங்கலாம்ல"ங்கறாரு. அதே விதி, அதே பாயிண்ட், கட்டைக்கு மூக்கு வெச்சதும் அந்த மனுஷனோட ஆட்டமே மாறிப்போச்சு. பாப்பாதான் ஜெயிச்சா, அப்பா ரெண்டாவது.

அன்னிக்கு ராத்திரி கேட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்குன்னு சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில வீட்டுக்காரம்மா தோசை ஊத்திக்கிட்டே சாதாரணமா சொன்னாங்க, "ஏனுங்க, வாங்கறதுன்னா வாங்குங்க, நாலு பேருதான்னா நான் வேணா வரல, எனக்கும் வேலை இருக்கு." கேட்டதுல தப்பே தெரியாத மாதிரி ஒரு பேச்சு. பத்து நிமிஷம் கழிச்சு திண்ணையில அப்பா தனியா கூப்பிட்டு, "நான் பாத்துக்கிட்டே இருந்தாக்கூட போதும் தம்பி, கண்ணு வேற அப்படி"ங்கறாரு. மாப்ள அப்படி சொல்லமாட்டான், பாப்பா சொல்லவே மாட்டா, நானும் ஒரு வாரம்னா விட்டுக்குடுப்பேன், அடுத்த வாரமும்னா முகம் மாறிடும். ஒரு நாற்காலி குறைஞ்சா எந்த வீட்டுலயும் முதல்ல எந்திரிக்கிறது யாருன்னு சொல்லவா வேணும். முறை வெச்சு மாறி மாறி ஆடலாம்னு மாப்ள சொன்னான், பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு, மூணாவது வாரம் அடுப்படியில இருந்து "நீங்க ஆரம்பிங்க"னு சத்தம் மட்டும்தான் வரும்.

இணைப்பு பெட்டி வேற யாராவது வர்றப்ப வாங்கிக்கலாமேன்னும் யோசிச்சேன். கணக்கு போட்டு பாத்தா பெட்டியும் இணைப்பும் சேத்தா என் கடையில பெரிய மெஷினுக்கு டோனர் மாத்தற காசு, பள்ளிக்கூடம் திறக்கற சீசன்ல பரவால்ல, இப்ப அது ஒரு மாச வாடகை மாதிரி. அதுவும் முதல்ல நாலு பேரு பெட்டி வந்து, அடுத்த ஆள் எப்ப லண்டன்ல இருந்து வருவாங்கன்னு தெரியாம, நடுவுல எத்தன மாசம் ஒருத்தர் அடுப்படியில நிக்கறது.

அப்ப பழசையே அப்பா கண்ணுக்கு தெரியற மாதிரி பண்ண முடியுமான்னு பாப்போம்னு இறங்கினோம். முதல்ல சமையலறை சாமான். தானியத்துக்கு பொட்டுக்கடலை, பன்னிக்கு காபிக்கொட்டை, ஆட்டுக்கு வெள்ளை மொச்சை. பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா மாப்ள யோசிக்கறப்ப கை சும்மா இருக்காது, நாலாவது ரவுண்டுக்குள்ள ஊர் தானியம் பூரா தின்னு தீத்துட்டான், அறுவடை வர்றதுக்கு முன்னாடியே பஞ்சம் வந்த ஒரே ஆட்டம் அதுதான்.

அப்புறம் கடைக்காரன் புத்தி வேலை செஞ்சுச்சு. ஸ்டிக்கர் ஷீட்ல குட்டி குட்டியா வட்டம் பிரிண்ட் போட்டு வில்லை மேல ஒட்டிட்டா? எழுத்து போடலாம்னு மரத்துக்கு ம-ன்னு டைப் பண்ணிட்டு அடுத்தது மண்ணுக்கு வந்தேன், அதுவும் ம. சரி மரத்த கட்டைன்னு மாத்தி க போடலாம்னா கல்லுக்கும் க. களிமண்ணுன்னு போட்டா அதுவும் க. நாணல் மட்டும் நா-ன்னு ஒழுங்கா நின்னுச்சு. அரைமணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தமிழ்ல மரம், மண், கல்லுக்கு வேற என்ன பேரெல்லாம் இருக்குன்னு யோசிச்சுட்டு இருந்தேன், ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்த பொண்ணு என்னண்ணா திட்டறீங்கன்னு கேட்டுச்சு. கடைசியில எழுத்தே வேண்டாம்னு விட்டுட்டேன். மரத்துக்கு தடியா ரெண்டு கோடு, மண்ணுக்கு ஒரு பெரிய புள்ளி, கேரட்டுக்கு கேரட் படம். கருப்பு கட்டைய விட்டுட்டேன், அது எந்த லைட்டுலயும் கருப்புதான்.

முதல் தடவ ஒட்டினது ரெண்டே வாரத்துல மழை ஈரத்துக்கு ஓரம் தூக்கிக்கிச்சு, அப்பா விரல்ல ஒட்டிக்கிட்டு ஒரு வில்லை அவரோடயே எந்திரிச்சு போயிடுச்சு. ரெண்டாவது தடவ ஒட்டி, மேல பாப்பாவோட கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் பூசி, ராத்திரி பூரா பல்பு அலமாரியில காய வெச்சேன். அது நின்னுடுச்சு. போன ஞாயித்துக்கிழமை அப்பா எதையும் கண்ணுக்கிட்ட கொண்டு போகல. ஆனா பன்னிய மறுபடி அடுப்புலதான் போட்டாரு, கட்டைக்கு மூக்கு இல்லையே.

பல்ப மட்டும் பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் வரும் இந்த பெட்டி. யாராவது முதல் தடவையா அக்ரிகோலா வாங்கப்போறேன், எத வாங்கட்டும்னு என்கிட்ட கேட்டா யோசிக்காம புதுசுன்னுதான் சொல்வேன், நாலு பேரோ அதுக்கு குறைஞ்சோ இருக்கற வீட்டுக்கு பழச தேடி அலையறதுல அர்த்தமே இல்ல. கையில பழசு இருந்து, வீட்டுல அஞ்சு பேரு இருந்தா, அவசரப்படாதீங்க.

வியாழக்கிழமை மாப்ளகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அவன் விட்டுட்டான், பாப்பாதான் விடல. அவளுக்கு அந்த ஆட்டுக்குட்டி கட்டை மேல முதல் நாள்ல இருந்தே கண்ணு. அவள சமாதானப்படுத்தறேன்னு நினைச்சுக்கிட்டு நான் ஒண்ணு சொன்னேன், "ஜூன் வந்தா நீ காலேஜ், ஹாஸ்டல். அப்ப இங்க நாலு பேருதானே, புது பெட்டி கரெக்டா இருக்கும், அப்ப வாங்கிக்கலாம் கண்ணு." அவ ஒண்ணுமே சொல்லல. அப்பாதான், "அம்மிணி, உங்கொப்பன் பேச்ச விடு"ன்னு அவ தலைய தடவிட்டு போனாரு.

ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நாணல் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் முதல் ஆளா அவ ஆளு நின்னுச்சு. ஒரு ரூம் கட்ட அஞ்சு மரமும் ரெண்டு நாணலும் வேணும். மரம் என்கிட்ட ஒன்பது இருந்துச்சு. பன்னெண்டாவது ரவுண்டு வரைக்கும் நானும் என் பொண்டாட்டி பொம்மையும் அதே ரெண்டு ரூம்ல உக்காந்திருந்தோம், அவகிட்ட நாணல் ஏழு, ஒண்ணுத்துக்கும் உதவாம பலகை ஓரத்துல அடுக்கி வெச்சிருந்தா.